ஊரில் நோய் பரவும்போது எண்ணுவது எப்படி? களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘வார்டில் 40 பேருக்கு வயிற்றுப்போக்கு’ என்று தகவல் வருகிறது. 40 அதிகமா, குறைவா? 400 பேர் குடியிருக்கும் தெருவில் 40 என்றால் பத்தில் ஒருவர் படுத்துவிட்டார் என்று அர்த்தம். 20,000 பேர் இருக்கும் வார்டில், ஒரு மாதம் முழுக்கச் சேர்த்து 40 என்றால் அது வழக்கமான எண்ணிக்கையாகவே இருக்கலாம். பள்ளிக்கூடக் கணக்கில் பின்னத்தின் மேலே தொகுதி, கீழே பகுதி என்று படித்திருப்போம். தொகுதியை எல்லோரும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பகுதியை நாம்தான் தேடிப் போக வேண்டும். தொற்றுநோயியலில் புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கீழ் எண்ணில்தான் நடக்கின்றன.

சூத்திரங்களை மட்டும் படித்தால் இது கைக்கு வராது. அதனால் உண்மையில் நடந்த ஒரு நிகழ்வின் எண்களை வைத்துக்கொண்டே போவோம். 1940 ஏப்ரல் 18 அன்று மாலை, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ மாவட்டத்தில், லைகோமிங் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் ஒரு விருந்து நடந்தது. வந்தவர்கள் 80 பேர். அன்று நள்ளிரவையொட்டிப் பலருக்கும் வாந்தி, பேதி, வயிற்றுவலி. விசாரிக்கப் போனவர்கள் 75 பேரைக் கண்டு பேசினார்கள். அவர்களில் 46 பேர் நோயுற்றிருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் களத் தொற்றுநோயியல் பயிற்சிகளில் இந்தப் பட்டியலைத்தான் முதலில் கையில் கொடுக்கிறார்கள். எண்கள் சிறியவை, பேனாவும் தாளும் போதும்.

முதலில்: இது உண்மையான கூடுதலா?

ஓட்டமாக ஓடுவதற்கு முன் ஒரு மணி நேரம் பதிவேட்டோடு உட்காருங்கள். இந்த வாரத்து எண்ணிக்கையைப் போன வாரத்தோடு மட்டும் ஒப்பிடுவது போதாது. கடந்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் இதே வாரங்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பாருங்கள். மழை தொடங்கினால் காய்ச்சலும் பேதியும் கூடுவது வழக்கம். அந்த வழக்கத்தைத் தாண்டியிருக்கிறதா என்பதே கேள்வி.

நோய் கூடாமலேயே எண் கூடும் சந்தர்ப்பங்கள் பல உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிய மருத்துவர் வந்து புறநோயாளிகள் கூட்டம் சேர்ந்திருக்கலாம். காய்ச்சல் முகாம் போட்டதால் வீட்டிலேயே கிடந்தவர்களும் பதிவாகியிருக்கலாம். ஆய்வகத்துக்குப் புதிய பரிசோதனைக் கிட் வந்திருக்கலாம். திருவிழாவுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து ஊர் இரட்டிப்பாகியிருக்கலாம். அப்போது மாறியது நோயின் வேகம் அல்ல, கீழே இருக்கும் எண். ஒரே நோயாளி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இரண்டு முறை எழுதப்பட்டிருப்பதும் சாதாரணமாக நடப்பது. இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகும் எண் மீதி நின்றால் கிளம்புங்கள்.

யாரை நோயாளி என்று எண்ணுவது?

பட்டியல் போடத் தொடங்கும் முன் வரையறையை எழுதி வைக்க வேண்டும். கேஸ் டெஃபனிஷன் என்று களத்தில் சொல்வது இதைத்தான். அதில் நான்கு பகுதி இருக்க வேண்டும்: அறிகுறி, காலம், இடம், ஆள். ‘பேதியானவர்கள்’ என்று எழுதினால் நான்கு பேர் நான்கு விதமாக எண்ணுவார்கள். ‘ஜூன் 1 முதல் இந்த வார்டில் குடியிருப்பவர்களில், 24 மணி நேரத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போனவர், எந்த வயதாக இருந்தாலும்’ என்று எழுதினால் யார் போய் எண்ணினாலும் ஒரே எண் வரும்.

தொடக்கத்தில் வரையறையைத் தளர்வாக வைத்து எல்லோரையும் உள்ளே விடுங்கள். பிறகு ‘சந்தேகத்துக்குரியவர்’, ‘பெரும்பாலும் இதுவே’, ‘ஆய்வகத்தில் உறுதியானவர்’ என்று பிரித்துக்கொள்ளலாம். எல்லோருடைய மலத்தையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை. நுண்ணுயிரை உறுதிசெய்ய ஐந்து முதல் பத்து மாதிரிகள் போதும். ஆனால் அவற்றை ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

வரையறைக்குள் நம் சந்தேகத்தைப் புகுத்திவிடக் கூடாது. இங்கே நடக்கும் தவறு பிறகு திருத்தவே முடியாதது. ‘மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் குடித்து பேதியானவர்’ என்று வரையறுத்துவிட்டால், பட்டியலில் இருக்கும் எல்லோரும் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களாகத்தான் இருப்பார்கள். அதைக் காட்டி ‘நூற்றுக்கு நூறு பேர் தொட்டித் தண்ணீர் குடித்திருக்கிறார்கள்’ என்று அறிக்கை எழுதினால், நாம் போட்டதையே நாம் எடுத்திருக்கிறோம்.

லைன் லிஸ்ட்: ஒரு ஆள், ஒரு வரி

நோயாளிகளின் பட்டியலை லைன் லிஸ்ட் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவருக்கு ஒரு வரி. ஒரு தகவலுக்கு ஒரு கட்டம். அடையாள எண், வயது, பால், தெரு, பள்ளி அல்லது வேலை செய்யும் இடம், நோய் தொடங்கிய நாளும் மணியும், ஒவ்வொரு அறிகுறிக்கும் தனிக் கட்டம், மாதிரி எடுத்த நாள், முடிவு, குணமா மரணமா என்ற நிலை, அப்புறம் சாப்பாடு, தண்ணீர் பற்றிய கட்டங்கள். ‘வாந்தி, பேதி, காய்ச்சல்’ மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதினால் பிறகு எண்ண முடியாது. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, தெரியாது என்றால் 9. கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டம் ‘இல்லை’யா, ‘கேட்கவில்லை’யா என்பது மூன்று நாள் கழித்து எழுதியவருக்கே நினைவிருக்காது.

நோய் தொடங்கிய நாளை எழுதச் சொன்னால் பலரும் மருத்துவமனைக்கு வந்த நாளை எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சனி, ஞாயிறு நோய்ப்பட்டவர்கள் திங்கள்கிழமை வருவார்கள். வந்த நாளை வைத்துப் படம் போட்டால் திங்கள்கிழமை பொய்யாக ஒரு மலை எழும்பி நிற்கும்.

நள்ளிரவும் ஒரு பொறிதான். ‘ராத்திரி பன்னிரண்டரைக்குத் தொடங்கியது’ என்று வீட்டில் சொல்வார்கள். விருந்து 18ஆம் தேதி என்றால், அந்த நேரம் 19ஆம் தேதி 00:30. இதை 18ஆம் தேதி 12:30 என்று எழுதிவிட்டால், அந்த ஆள் விருந்துக்கு முன்பே நோயுற்றவர் ஆகிவிடுகிறார். 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். கணினியில் தேதியை 05/04 என்று அடித்தால் ஏப்ரல் 5 என்று நீங்கள் நினைத்தது மே 4 ஆக மாறிவிடக்கூடும். மாதத்தை எழுத்தில் எழுதுவது பாதுகாப்பு.

பெயரும் முகவரியும் உள்ள பட்டியலை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். கேட்டதும் நம்மை வீட்டுக்குள் விட்டுச் சொன்னவர்கள் அவர்கள்.

கீழே வைக்க வேண்டிய எண்

1854இல் லண்டனில் காலரா. நகரின் தென்பகுதியில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்திலேயே தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரெடுப்பை ஆற்றின் மேல்பகுதிக்கு மாற்றிவிட்டிருந்தது. மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர் வீடுகளுக்குப் போய் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று விசாரித்தார். கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் முதல் கம்பெனியின் வீடுகளில் 1,263 மரணம், இரண்டாவதில் 98.

இதோடு நின்றிருந்தால் ‘முதல் கம்பெனிக்கு வாடிக்கையாளர் அதிகம், அதனால்தான் சாவும் அதிகம்’ என்று யாரும் வாதாடியிருக்கலாம். ஸ்னோ வீடுகளின் எண்ணிக்கையைக் கீழே வைத்தார். சவுத்வார்க் அண்ட் வாக்ஸாலுக்கு 40,046 வீடுகள், லாம்பெத்துக்கு 26,107. வகுத்தால் 10,000 வீடுகளுக்கு முதலாவதில் 315 மரணம், இரண்டாவதில் 37. எட்டு மடங்குக்கும் மேல். காலராக் கிருமியை எல்லோரும் ஏற்றுக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வெறும் வகுத்தல் கணக்கு தண்ணீரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

உங்கள் ஊரில் இந்த எண்ணை எங்கே எடுப்பது? 2011 மக்கள்தொகைக் கணக்கு இன்றைய தெருவுக்குப் பொருந்தாது. கிராம சுகாதார செவிலியரின் குடும்பப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, பள்ளி வருகைப் பதிவு, விடுதி மெஸ் கணக்கு, ரேஷன் அட்டைப் பட்டியல் ஆகியவை கைக்கு எட்டும் இடங்கள். எதுவும் கிடைக்கவில்லையென்றால் தெருத்தெருவாக எண்ணுங்கள். 200 வீட்டை இரண்டு பேர் ஒரே நாளில் எண்ணிவிடலாம். நோய் வர வாய்ப்புள்ளவர்கள் மட்டுமே கீழே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தட்டம்மைக் கணக்கில், முன்பே தட்டம்மை வந்து தேறியவரைப் பகுதியில் சேர்த்தால் விகிதம் பொய்யாகக் குறையும்.

இப்போது லைகோமிங் விருந்துக்கு வருவோம். 75 பேரில் 46 பேர் நோயுற்றார்கள். 46ஐ 75ஆல் வகுத்தால் 61.3 விழுக்காடு. இதுதான் அட்டாக் ரேட், தாக்கு விகிதம். மீதி 5 பேரிடம் பேச முடியவில்லையே? அவர்களை மறந்துவிடாமல் இரண்டு பக்கமும் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து பேருமே நன்றாக இருந்திருந்தால் 80க்கு 46, அதாவது 57.5 விழுக்காடு. ஐந்து பேருமே நோயுற்றிருந்தால் 80க்கு 51, 63.8 விழுக்காடு. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில். விடுபட்டவர்கள் முடிவை மாற்ற முடியாத அளவுக்குக் குறைவு என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். 80 பேரில் 40 பேரை மட்டுமே பார்த்திருந்தால் இந்தத் தைரியம் வந்திருக்காது.

நோய் வராத 29 பேரிடமும் உட்கார்ந்து பேசியதுதான் அந்த விசாரணையின் உயிர். நோய் வராதவர் வீட்டில் ‘எங்களுக்கு ஒன்றும் இல்லையே, எங்களை எதற்குக் கேட்கிறீர்கள்’ என்பார்கள். பொறுமையாகச் சொல்லிக் கேளுங்கள். அவர் தட்டில் என்ன இருந்தது என்பது, படுத்திருப்பவர் தட்டில் என்ன இருந்தது என்பதற்குச் சமமான மதிப்புள்ளது.

நேரத்தை வரைந்து பார்த்தல்

கட்டம்போட்ட தாளில், கிடைக்கோட்டில் நேரம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கட்டம், ஒன்றன் மேல் ஒன்றாக. எபிடெமிக் கர்வ் என்று பெயர். கட்டத்தின் அகலம் எவ்வளவு என்பதில்தான் தடுமாறுவார்கள். தொற்று உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரியும் வரையிலான நோயரும்பு காலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் ஏ மஞ்சள்காமாலைக்குச் சராசரி 28 நாள். அதற்கு ஒரு வாரக் கட்டம் சரி. நான்கு மணி நேரத்தில் தாக்கும் உணவு நஞ்சுக்கு ஒரு மணி நேரக் கட்டம். நாள் கணக்கில் வரைந்தால் லைகோமிங் விருந்து முழுவதும் இரண்டே கட்டத்தில் அடங்கி ஒன்றுமே தெரியாது.

சட்டென்று ஏறி, மெதுவாக இறங்கும் ஒற்றை மலை என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தொற்றை வாங்கியிருக்கிறார்கள். ஏறிவிட்டு இறங்காமல் மேடாகவே நீண்டால் மூலம் இன்னும் திறந்திருக்கிறது. உடைந்த குழாய் இன்னும் அடைக்கப்படவில்லை. நோயரும்பு கால இடைவெளியில் சிறுமலை, பெருமலை, அதைவிடப் பெரியது என்று வந்தால் ஆளுக்கு ஆள் தாவுகிறது.

ஒற்றை மலை என்றால் பின்னோக்கி எண்ணலாம். ஹெபடைட்டிஸ் ஏ-யின் நோயரும்பு காலம் 15 முதல் 50 நாள். மலையின் உச்சியிலிருந்து 28 நாள் பின்னால் போங்கள். முதல் நோயாளியிலிருந்து 15 நாள், கடைசி நோயாளியிலிருந்து 50 நாள். மூன்றும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் போய் விழுந்தால், அந்த வாரத்தில் ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள்: குழாய் வேலையா, கல்யாணமா, வெள்ளமா?

லைகோமிங்கில் சாப்பிட்ட நேரம், நோய் தொடங்கிய நேரம் இரண்டும் 22 பேருக்குத் தெரிந்திருந்தது. இடைவெளி 3 முதல் 7 மணி நேரம், நடுமதிப்பு 4. சராசரி எடுக்காமல் நடுமதிப்பு எடுப்பது ஏனென்றால், தவறாக எழுதிய ஒரே ஒரு நேரம் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும். உடம்புக்குள் பெருகி நோய் தரும் கிருமிகளுக்கு இவ்வளவு குறைந்த நேரம் போதாது. உணவில் முன்பே உருவாகியிருந்த நஞ்சு என்று, முக்கியமாக ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சு என்று, ஆய்வக முடிவுக்கு முன்பே ஊகிக்கலாம். அது 30 நிமிடத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் தாக்கும்.

கூட்டத்தோடு சேராத ஒற்றைக் கட்டத்தை அழித்துவிடாதீர்கள். அன்று பிற்பகல் 3 மணிக்கே, விருந்து தொடங்கும் முன்பே, நோயுற்ற ஒருவர் பட்டியலில் இருக்கிறார். எழுத்துப் பிழை என்று தள்ளத் தோன்றும். வரியைப் படித்தால், முற்பகல் 11 மணிக்கே வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட ஒரு சிறுவன். பதினொன்றிலிருந்து மூன்று, நான்கு மணி நேரம்.

சாப்பிட்டவர், சாப்பிடாதவர்

ஒவ்வொரு பண்டத்துக்கும் இரண்டு விகிதம் போட வேண்டும்: சாப்பிட்டவர்களில் எத்தனை விழுக்காடு நோய், சாப்பிடாதவர்களில் எத்தனை விழுக்காடு நோய். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒப்பீட்டு ஆபத்து.

கீரை: சாப்பிட்ட 43 பேரில் 26 பேருக்கு நோய், 60 விழுக்காடு. சாப்பிடாத 32 பேரில் 20 பேருக்கு, 63 விழுக்காடு. ஒப்பீட்டு ஆபத்து ஏறக்குறைய 1. கீரை மேல் குற்றமில்லை. நோயாளிகளை மட்டும் கேட்டிருந்தால், ‘46 பேரில் 26 பேர், பாதிக்கு மேல், கீரை சாப்பிட்டவர்கள்’ என்று எழுதிக் கீரைக்காரரைப் பிடித்திருப்போம்.

வெனிலா ஐஸ்கிரீம்: சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், 79.6 விழுக்காடு. சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்கு, 14.3 விழுக்காடு. ஒப்பீட்டு ஆபத்து 5.6.

சாக்லேட் ஐஸ்கிரீம்: சாப்பிட்ட 47 பேரில் 25, 53 விழுக்காடு, சாப்பிடாத 27 பேரில் 20, 74 விழுக்காடு. ஒப்பீட்டு ஆபத்து 0.7. (ஒருவர் சாப்பிட்டாரா என்று தெரியவில்லை, அதனால் 74 பேர்தான்.) சாக்லேட் ஐஸ்கிரீம் நோயைத் தடுத்ததா? இல்லை. சாக்லேட் எடுத்தவர்களில் பலர் வெனிலாவைத் தொடவில்லை. வெனிலா சாப்பிட்டவர்களைத் தனியாகவும் சாப்பிடாதவர்களைத் தனியாகவும் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சாக்லேட்டைப் பார்க்க வேண்டும். ஒரு காரணம் இன்னொன்றின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வருவது இப்படித்தான். வயது, தொழில், வருமானம் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

ஒரு பண்டத்தைக் குற்றவாளி என்று சொல்ல மூன்றும் பொருந்த வேண்டும். சாப்பிட்டவர்களில் விகிதம் உயர்ந்திருக்க வேண்டும். சாப்பிடாதவர்களில் தாழ்ந்திருக்க வேண்டும். நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் அதைச் சாப்பிட்டவர்களாக இருக்க வேண்டும். வெனிலாவில் 46க்கு 43 பேர், 93 விழுக்காடு. மூன்றாவதைப் பார்க்காமல் விடுபவர்கள் நிறைய. நாலே பேர் சாப்பிட்டு நால்வரும் நோயுற்ற பண்டத்தின் விகிதம் 100 விழுக்காடாக நிற்கும், ஆனால் மற்ற 42 பேருக்கு அது பதில் சொல்லாது. பின்னர் ஆய்வகத்திலும் வெனிலா ஐஸ்கிரீமில்தான் ஸ்டஃபைலோகாக்கஸ் மிகுதியாக இருந்தது.

வெனிலா சாப்பிடாமலே நோயுற்ற 3 பேர் உங்கள் கணக்கைப் பொய்யாக்கவில்லை. ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்திலும் போயிருக்கலாம், சாப்பிட்டதை மறந்திருக்கலாம், வேறு காரணத்தால் வயிறு கெட்டிருக்கலாம். களத்தில் 0 என்று வருவது அபூர்வம். ஆனால் அந்த 3 சின்ன எண் என்பதால் 5.6 என்பதும் உறுதியாக நிற்கும் எண் அல்ல. 95 விழுக்காடு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு, போட்டால் 1.9 முதல் 16 வரை நீள்கிறது. கீழ் எல்லை 1ஐத் தாண்டிவிட்டதால் தொடர்பு உண்டு என்று சொல்லலாம். ‘சரியாக ஐந்தரை மடங்கு’ என்று சொல்லக் கூடாது.

மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்றே தெரியாத இடமும் உண்டு: சந்தை, பேருந்து நிலையம், கோயில் அன்னதானம். அங்கே நோயாளிகளையும், அதே வயது, அதே பகுதி சார்ந்த நோயில்லாதவர்களையும் எடுத்து ஒப்பிடுகிறோம். அப்போது அட்டாக் ரேட் போட முடியாது. ஆட்ஸ் ரேஷியோ மட்டும் போடலாம்: நோயாளிகளில் சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் உள்ள விகிதத்தை, நோயில்லாதவர்களில் உள்ள அதே விகிதத்தால் வகுப்பது. வெனிலா சாப்பிட்டும் நோயுறாதவர் 11 பேர், சாப்பிடாமல் நோயுறாதவர் 18 பேர். வெனிலாவுக்கு அதைப் போட்டால் 43 பெருக்கல் 18ஐ, 11 பெருக்கல் 3ஆல் வகுக்க, 23.5 வருகிறது. அதே விருந்து, அதே ஆட்கள்; ஒன்று 5.6, மற்றது 23.5. நோய் அரிதாக இருக்கும்போதுதான் இரண்டும் நெருங்கி வரும். பாதிப்பேருக்கு மேல் படுத்துவிட்ட இடத்தில் ஆட்ஸ் ரேஷியோவை ‘23 மடங்கு ஆபத்து’ என்று எழுதினால் அது தவறு.

நீண்ட நாள் நோய்களுக்கு வேறு அளவு

ஒரு ராத்திரியில் முடியும் நோய்க்கு அட்டாக் ரேட் போதும். காசநோய், தொழுநோய், சர்க்கரை நோய்க்கு இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். இந்த ஆண்டு புதிதாக எத்தனை பேருக்கு வந்தது? அது நிகழ்வு. இன்றைக்கு எத்தனை பேர் நோயோடு இருக்கிறார்கள்? அது இருப்பு. குழாயிலிருந்து தொட்டிக்குள் விழுவது நிகழ்வு. தொட்டியில் நிற்பது இருப்பு. நோய் நீடிக்கும் காலம் மாறினால், புதியவர்கள் எண்ணிக்கை மாறாமலே இருப்பு மாறும்.

தொழுநோய் இதற்கு நல்ல பாடம். பல மருந்துக் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. சிகிச்சை முடிந்தவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். கிருமி அதிகமுள்ள வகைக்கு 24 மாதமாக இருந்த சிகிச்சை 1990களின் பிற்பகுதியில் 12 மாதமாகக் குறைந்தது. ஒருவர் பதிவேட்டில் இருக்கும் காலம் பாதியானால் இருப்பும் பாதியாகும். புதிதாக ஒருவருக்கும் தொற்று குறைந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 2005 டிசம்பரில் இந்தியா 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற அளவை எட்டியது பெரிய காரியம்தான். ஆனால் பரவல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டிய எண் வேறு: புதிய நோயாளிகள் எத்தனை, அவர்களில் குழந்தைகள் எத்தனை. குழந்தைக்கு வந்திருந்தால் அருகில் யாரோ அண்மையில் பரப்பியிருக்கிறார்கள்.

ஆட்கள் வந்து போகும் இடத்தில் நபர்-ஆண்டு கணக்கு வேண்டும்: ஒருவர் ஓர் ஆண்டு முழுக்க இருந்தால் அது ஒரு நபர்-ஆண்டு. பயிற்சிக்கு ஒரு கற்பனை எண்: 200 மாணவர் விடுதி, 50 பேர் ஆறு மாதத்தில் போய்விட்டார்கள். 150 நபர்-ஆண்டு, அதோடு 50 பேரின் அரை ஆண்டு 25, ஆக 175. புதிதாக 7 பேருக்கு நோய் என்றால் 100 நபர்-ஆண்டுக்கு 4. நோயுற்ற நாளோடு அவருடைய காலத்தை நிறுத்திக்கொள்வதுதான் துல்லியம். எளிமைக்காக அதை இங்கே விட்டுவிட்டோம்.

ஆளிடமிருந்து ஆளுக்கு

வீட்டுக்குள் எவ்வளவு பரவுகிறது என்று அறிய இரண்டாம் நிலைத் தாக்கு விகிதம். மீண்டும் கற்பனை எண்: 20 வீடுகள், மொத்தம் 100 பேர், வீட்டுக்கு ஒரு முதல் நோயாளி. பிறகு 12 பேருக்கு வந்தது. 100ஆல் வகுத்து 12 விழுக்காடு என்று எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. முதல் நோயாளிகள் 20 பேரும் வெளியிலிருந்து தொற்றை வாங்கியவர்கள். கீழ் எண்ணிலிருந்து அவர்களை எடுத்துவிட்டால் 80. விடை 15 விழுக்காடு. முதல் நோயாளிக்கு மறுநாளே இன்னொருவர் படுத்தால் அவர் பெரும்பாலும் வீட்டில் தொற்றியவர் அல்ல. இருவரும் ஒரே இடத்தில் வாங்கியிருப்பார்கள். அவரையும் தனியே எழுதுங்கள்.

ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதை ஆர் என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் தட்டம்மைக்கு இது 12 முதல் 18 என்று வழக்கமாகச் சொல்வார்கள். 15 என்று வைத்தால், 1ஐ 15ஆல் வகுத்து 1லிருந்து கழிக்க 93 விழுக்காடு. அத்தனை பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் பரவல் அடங்கும். ஆனால் மாவட்டச் சராசரி 95 என்பதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். தடுப்பூசி போடாத குழந்தைகள் ஒரே குடியிருப்பில் கூடியிருந்தால், அந்தக் குடியிருப்பின் எண் 60 ஆக இருக்கும். தட்டம்மை சராசரியைப் பார்த்துப் பரவுவதில்லை.

பரிசோதனை தரும் பொய்

நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும் ஒரு துரிதப் பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் 10 பேருக்கே நோய் என்றால், 9 பேரைச் சரியாகக் காட்டும். மீதி 990 பேரில் ஏறக்குறைய 50 பேரையும் நோயாளி என்று காட்டும். ‘பாசிட்டிவ்’ வந்த 59 பேரில் உண்மை நோயாளி 9 பேர், 15 விழுக்காடு. அதே கிட்டை 1,000க்கு 300 பேர் நோயுற்ற வார்டில் பயன்படுத்தினால் 270 சரி, 35 தவறு. 89 விழுக்காடு உண்மை. கிட் மாறவில்லை, ஊர் மாறியது. அதனால் கொள்ளைநோய் அடங்கிக்கொண்டே வரும் வாரங்களில் வரும் பாசிட்டிவ் முடிவுகளை இன்னொரு பரிசோதனையால் உறுதிசெய்யாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இறப்பு விகிதத்திலும் இதே எச்சரிக்கை. மருத்துவமனையில் சேர்ந்தவர்களை மட்டும் கீழே வைத்தால் நோய் மிகக் கொடியதாகத் தெரியும். கொள்ளைநோய் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்றைய மரணத்தை இன்றைய நோயாளிகளால் வகுத்தால் குறைவாகத் தெரியும். இன்று படுத்தவர்களில் சிலர் அடுத்த வாரம் இறக்கக்கூடும். இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது வயதைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூர் போய் முதியவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமத்தில் மரண விகிதம் உயர்ந்திருப்பதற்கு மருத்துவமனையைக் குறை சொல்ல முடியாது.

எப்போது பட்டியலை மூடுவது?

நோயாளிகள் வருவது நின்ற மறுநாள் மூட வேண்டாம். கடைசி நோயாளிக்குப் பிறகு, மிக நீண்ட நோயரும்பு காலத்தைப் போல இரண்டு மடங்கு காத்திருப்பது வழக்கம். எபோலாவுக்கு அது 21 நாள்; அதனால்தான் 42 நாள் புதிய நோயாளி இல்லாமல் போனால் மட்டுமே முடிந்தது என்று அறிவிக்கிறார்கள். காத்திருக்கும் நாட்களிலும் தினமும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை பேரைக் கேட்டோம், புதிதாக 0. எத்தனை பேரைக் கேட்டோம் என்ற எண் பக்கத்தில் இருந்தால்தான் அந்தச் சுழியத்தை யாரும் நம்பலாம்.